பரீட்சையைப் பரீட்சித்த நூல்

இறையனார் களவியலுக்கு உரைகண்ட வரலாறு தமிழ் கற்றோர் யாவரும் அறிந்ததே. சங்கத்துப் புலவர்கள் தத்தமக்கு இயன்றவாறு உரை செய்தனர். அவற்றுள் மெய்யுரை யாதெனத் துணியமாட்டாது அவர்கள் இடர்ப்பட்டபோது, உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பிள்ளை நடுவனாக அமர்த்தப்பட்டான் என்பது கதை. அவன் ஊமை. மருதன் இளநாகனார் தம் உரையைக் கூறியபோது சிற்சில இடங்களிற் கண்ணீர் பெருக்கி மெய்சிலிர்த்தான். நக்கீரனார் கூறியபோது சொல்லுக்குச் சொல் அவ்வாறே செய்தான். அதனையே மெய்யுரை எனப் புலவர் கொண்டனர். இக்கதையை நிகழ்ந்த வரலாறாகக் கொள்வார் இன்று அரியர். ஆயினும், கற்றவர் எழுதியதை மதிப்பிடுதல் எத்துணை இடர் நிறைந்த தொழில் என்பதை அது மறையாது கூறுகின்றது. நாற்பத்தொன்பது புலவர் கூடியிருந்தும் ஒருவர் எழுத்தை மற்றொருவர் அளந்து முடிவுகூற இயலவில்லை. ஈற்றில் ஒரு பிள்ளையை நாட வேண்டியதாயிற்று.

அதே இடரை இருபதாம் நூற்றாண்டில் எண்களாற் சோதித்துக் காட்டிய நூலொன்று உண்டு. சேர் பிலிப் ஹார்ட்டொக்கும் புள்ளிவிபரவியலறிஞர் ஈ. சி. றோட்ஸும் சேர்ந்து 1935 இல் வெளியிட்ட 'அன் எக்சாமினேஷன் ஒவ் எக்சாமினேஷன்ஸ்' என்பதே அது. 'பரீட்சைகளைப் பற்றிய ஒரு பரீட்சை' என அதனைத் தமிழிற் கூறலாம். நூறு பக்கமும் நிரம்பாத சிறு நூல். அதன் விரிவாகிய 'த மார்க்ஸ் ஒவ் எக்சாமினர்ஸ்' அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1931 இல் ஈஸ்ற்போண் நகரிற் கூடிய அனைத்துலக மாநாட்டின் பயனாகத் தொடங்கிய ஆராய்ச்சி இது. காணெகி நிறுவனம் பொருளுதவியது. சேர் மைக்கல் சட்லர் ஆங்கிலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

ஹார்ட்டொக் யாவர் என்பதை ஈண்டு அறிந்துகொள்ளல் வேண்டும். இரசாயனம் பயின்றவர், 1903 தொடக்கம் 1920 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் கல்விப் பதிவாளராக இருந்தவர், பின்னர் டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராயினார். 1921 இற் கொழும்பிலே நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, தன் மாணாக்கரை அந்த இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே ஆயத்தஞ் செய்தது. அதன் பின்னரும் இந்நாட்டுப் பாடசாலை ஆசிரியர் பலர் அவ்வழியாகவே கலைமாணிகளாயினர். ஆதலின், பரீட்சை என்னும் மாளிகையின் திறப்புக்கோவையைப் பதினேழு ஆண்டு கையில் வைத்திருந்த ஒருவரே அதன் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார் என்பது இந்நூலின் தனிச்சிறப்பு. வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர் அவர்.

நூலின் நடுநாயகமாக விளங்குவது வரலாற்றுப் பாடச் சோதனை. பல்கலைக்கழகங்கள் நடத்திய பாடசாலைச் சான்றிதழ்ப் பரீட்சையொன்றில், ஒரே நடுத்தரப் புள்ளி வழங்கப்பட்டிருந்த 15 விடைத்தாள்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவை அனுபவம் வாய்ந்த 15 பரீட்சகரிடம் தனித்தனியே கொடுக்கப்பட்டன. முன்னர் ஒரே புள்ளி பெற்ற அவ்விடைத்தாள்களுக்கு இம்முறை 21 தொடக்கம் 70 வரை நாற்பதுக்கு மேற்பட்ட வெவ்வேறு புள்ளிகள் கிடைத்தன. இதுவரை வியப்பில்லை, பலர் பலவாறு காண்பர் என்பது எவரும் ஒப்புக்கொள்வதே. 12 முதல் 19 மாதங்கள் கழிந்தபின், அப்பரீட்சகருள் 14 பேரிடம் அதே விடைத்தாள்கள் மறுபடியும் கொடுக்கப்பட்டன. தாம் முன்னர் இட்ட புள்ளி அவர்களிடம் இல்லை. 14 பேர் 15 தாள்களுக்கு வழங்கிய 210 தீர்ப்புக்களுள் 92 மாறிவிட்டன. சித்தி என்றவர் சித்தியின்மை என்றார். சித்தியின்மை என்றவர் திறமைச் சித்தி என்றார்.

இந்த இரண்டாம் பகுதியே நூலின் உயிர். ஒரு பரீட்சகர் மற்றொருவரோடு மாறுபடின், இருவர் கல்வியும் சுவையும் வேறு எனச் சமாதானங் கூறலாம். தம்மோடு தாமே மாறுபடும்போது அச்சமாதானம் எழாது. மாணாக்கன் அதே, எழுத்து அதே, படிப்பவரும் அவரே. மாறியது நாள் ஒன்றுதான். முந்திய தாள் மிக நன்றாக இருந்ததோ, பிந்திய தாளைத் திருத்தும்போது இரவு வெகுநேரமாயிற்றோ, யார் அறிவார்! நேர்முகப் பரீட்சையும் நூலாசிரியர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஒரே விண்ணப்பகாரரை இரு குழுக்கள் தனித்தனி வினவியபோது, ஒரு குழு முதல்வராகக் கண்டவரை மற்றைக் குழு பதின்மூன்றாமவராகக் கண்டது.

இவ்வாறான செய்தி முன்னர் அறியப்படாததன்று. எட்ஜ்வேர்த் என்னும் பொருளியலறிஞர் 1890 இலேயே, இலத்தீன் உரைநடைப் பயிற்சியொன்றைத் தகுதிவாய்ந்த 28 பேர் திருத்தியபோது 45 முதல் 100 வரை புள்ளிகள் விழுந்ததை எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் ஸ்ராச்சும் எலியட்டும் 1913 இற் கேத்திரகணித விடைத்தாளொன்றை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியருக்கு அனுப்ப, 28 முதல் 92 வரை புள்ளிகள் வந்தன. கணிதத்துக்கே கதி இதுவாயின் இலக்கியத்துக்கு என் சொல்வது! ஹார்ட்டொக்கின் நூல் இவற்றினும் மேம்பட்டு நிற்பதற்குக் காரணம், அது ஒரு தாளோடு நில்லாது, பாடசாலைச் சான்றிதழ் தொடங்கிப் பல்கலைக்கழகச் சிறப்புப் பட்டம் ஈறாகப் பல படிகளையுஞ் சோதித்தமையே.

நிற்க. புகழ்பெற்ற நூலாயினும் அதன் குறைகளை மறைத்தல் ஆய்வாகாது. 210 இல் 92 என்னும் எண் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றது. பரீட்சை முடிவுகளுள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்துநான்கு பிழையானவை என்பதுபோல அதனை எடுத்தாள்வாரும் உளர். அது பொருந்தாது. தெரிந்தெடுக்கப்பட்ட தாள்கள் யாவும் நடுத்தரமானவை. எல்லைக்கோட்டின் அண்டையிற் கிடந்தவை. அங்கே மூன்று நான்கு புள்ளி ஏறினும் இறங்கினும் தீர்ப்பு மாறும். மிகச் சிறந்த தாளும் மிக இழிந்த தாளும் அச்சோதனையிற் கலந்திருப்பின் அவ்வெண் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆயினும், தீர்ப்பினால் வாழ்வு மாறுகின்றவன் அந்த எல்லைக்கோட்டிலேதான் நிற்கின்றான் என்பதும் நினைக்கத்தக்கது. முதலாம் வகுப்பில் ஐயமின்றித் தேறுவானுக்குப் பரீட்சகர் யாராயினும் ஒன்றே.

இதனினும் பெரிய குறை நூலின் அடிப்படையிலே உள்ளது. ஒவ்வொரு கட்டுரைக்கும் 'உண்மைப் புள்ளி' ஒன்று உண்டு. பரீட்சகர் இடும் புள்ளி அதனின்றும் கூடியோ குறைந்தோ பிழைபடுகின்றது. தகுதிவாய்ந்த பலரின் சராசரியே அவ்வுண்மைக்கு அண்மையது என்னுங் கொள்கை எட்ஜ்வேர்த் காலந்தொட்டு வருவது. வானநூலார் ஒரு விண்மீனின் நிலையைப் பன்முறை அளந்து சராசரி காண்பதை ஒத்தது அது. விண்மீன் அளப்போன் அளப்பதற்கு முன்னரே வானில் ஓரிடத்தில் உள்ளது. கட்டுரையின் தரமோ அதனைப் படிக்கின்ற அறிவுடையோன் மனத்திலே தோன்றுவது. ஒரு பரீட்சகர் கட்டுரையின் துணிவையும் புதுமையையுங் கண்டு 70 இடுகின்றார். மற்றவர் அதன் சான்றின்மையைக் கண்டு 50 இடுகின்றார். இரண்டையுங் கூட்டிப் பாதியாக்கி 60 எனப் பதிவுசெய்கின்றனர். பல்கலைக்கழகங்களில் இருவர் திருத்தும் முறை பெரும்பாலும் இவ்வாறே முடிகின்றது. அந்த 60 யாருடைய தீர்ப்பு? துணிவுடைய கட்டுரை என்பதும் அதிலில்லை. சான்றற்ற கட்டுரை என்பதும் அதிலில்லை. இரு அறிஞர் கண்ட இரு மெய்களும் அழிந்து, ஒருவருங் காணாத ஓர் எண் எஞ்சுகின்றது. வேறுபாட்டைப் பிழை என்று மட்டுங் கொண்டமையால் நூலாசிரியர் அதனுள் அடங்கிய செய்தியை எண்ணாது விட்டனர்.

இதில் ஒரு விந்தை உண்டு. இதே ஹார்ட்டொக் 1907 இல் ஆங்கிலத்தில் எழுதப் பயிற்றுவது குறித்து ஒரு நூல் வெளியிட்டார். பாடசாலைக் கட்டுரை யாருக்காக எழுதப்படுகின்றது, என்ன நோக்கத்துக்காக எழுதப்படுகின்றது என்பது மாணாக்கனுக்குத் தெரியாமையே அதன் கேடு என்பது அவர் கருத்து. எழுதுபவன் முன்னே ஒரு வாசகன் இருத்தல் வேண்டும் என்று அன்று வற்புறுத்தியவர், 1935 இன் அட்டவணைகளில் அவ்வாசகனைக் கைவிட்டுவிட்டார். 1941 இல் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துதல் பற்றிப் பிறரோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் அவ்வினாவை மீண்டும் எடுத்தார். ஆயின் உலகம் ஏற்றுக்கொண்டது 1935 இன் எண்களையே.

எண்ணோடு காரணமும் வருமாயின் யாது விளையும், வாராதாயின் யாது விளையும் என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். கிராமப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்து வெளிவாரிக் கலைமாணிப் பரீட்சைக்குத் தோற்றும் ஒருவரைக் கொள்க. பகலெல்லாம் படிப்பித்து, மாலையிற் கொப்பி திருத்தி, இரவு பிள்ளைகள் உறங்கியபின் விளக்கின் முன் அமர்பவர் அவர். பட்டதாரி ஆசிரியர் தரமும் அதற்குரிய சம்பளமும் அந்தப் பட்டத்திலே தங்கியுள்ளன. சிலப்பதிகாரம் பற்றி ஒரு வினா வருகின்றது: பாண்டியனை இளங்கோவடிகள் குற்றவாளியாகப் படைத்தாரா, ஊழின் கருவியாகப் படைத்தாரா? ஆசிரியர் நூலை நன்கு கற்றவர். பொற்கொல்லன் சூழ்ச்சி, கோவலன் கொலையுண்டமை, கண்ணகி சிலம்பு உடைத்தமை, மன்னன் வீழ்ந்தமை யாவற்றையும் ஒன்றும் விடாது எழுதுகின்றார். இரண்டு பக்கம் மேலதிகமாகவும் வாங்குகின்றார். பரீட்சகர் 38 இடுகின்றார். அது நேர்மையான தீர்ப்பே. வினா கேட்டது ஒரு முடிவு, எழுதப்பட்டது கதை.

ஆயின் அவ்வாசிரியரிடஞ் சென்று சேர்வது அந்த 38 கூட அன்று. சுட்டெண்ணும் சித்தியின்மை என்னுஞ் சொல்லுமே. எங்கே தவறினார் என்பதை அவர் தாமே ஊகித்தல் வேண்டும். அடைக்கலக் காதையைக் கூறாது விட்டமைதான் காரணம் என ஊகிக்கின்றார். அடுத்த ஆண்டு அதனையுஞ் சேர்த்து, கதையை இன்னும் நீட்டி எழுதுகின்றார். இம்முறை 36. உழைப்புக் கூடக் கூடப் புள்ளி குறைவதேன் என்பது அவருக்குப் பெரும் புதிர். இத்தகையோர் ஈற்றிற் பரீட்சகரை ஐயுறுவர். அல்லது தம் அறிவையே ஐயுற்றுப் புத்தகங்களைக் கட்டிவைத்து விடுவர். பின்னதே பெரும்பாலும் நிகழ்வது. ஹார்ட்டொக்கின் அட்டவணைப்படி நோக்கின் இங்கே குறையொன்றுமில்லை. பத்துப் பரீட்சகர் திருத்தினும் பதின்மருந் தவறென்றே கூறுவர், ஒற்றுமை முழுமையானது. அம்முழுமையான ஒற்றுமையின் நடுவே ஒரு மனிதரின் மூன்று ஆண்டு வீணாகின்றது.

உள்வாரி மாணாக்கன் நிலை வேறு. அவன் முதலாந் தவணையில் இதே தவற்றைச் செய்கின்றான். விரிவுரையாளர் ஓரத்தில் 'கதை வேண்டா. உமது கருத்து எங்கே?' என்று ஐந்து சொல் எழுதித் திருப்பிக் கொடுக்கின்றார். அவனுக்கு வெட்கமாயிருக்கின்றது. ஆயினும் அடுத்த கட்டுரையில் அத்தவறு இல்லை. அவனுக்கும் வெளிவாரியார்க்கும் அறிவால் வேறுபாடு இருப்பினும் இருக்கலாம். அந்த ஐந்து சொல்லால் வேறுபாடு உண்டென்பது உறுதி. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் தன் பரீட்சைகளை எங்கு கற்றார்க்குந் திறந்துவிட்டமை பெரும் அறச்செயல். கல்லூரி வாயிலை மிதிக்க இயலாத எண்ணிறந்தோர் அதனாற் பட்டம் பெற்றனர். இலங்கைப் பல்கலைக்கழகங்களும் பின்னர் அவ்வழியிற் சென்றன. கதவு திறந்தது, உள்ளே ஒருவரும் பேசவில்லை.

எண் ஒன்றையே மெய்யெனக் கொள்வதன் விளைவு தனிமனிதரோடு நில்லாது என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று. 1970 ஆம் ஆண்டளவில், தமிழ்மொழி மூல விடைத்தாள்களைத் திருத்தியோர் மிகையாகப் புள்ளி வழங்கினர் என்னுங் குற்றச்சாட்டு எழுப்பப்பட்டது. 1971 ஆம் ஆண்டு அனுமதியிற் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணாக்கர்க்கு 227 புள்ளியும் தமிழ்மொழி மூலத்தார்க்கு 250 புள்ளியும் வேண்டப்பட்டன. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அதன் அரசியல் விளைவுகள் ஈண்டு ஆராயும் பொருளல்ல. மதிப்பீட்டு நெறி ஒன்றையே நோக்குக. பரீட்சகர் மிகையாக இட்டாரா என்பது விடைத்தாளைப் படித்துத் தீர்க்கவேண்டிய வினா. எப்பகுதிக்கு ஏன் இப்புள்ளி என்று தாளிலே குறிப்பு இருப்பின் இரு மொழியும் வல்லார் நால்வர் அமர்ந்து அதனைத் தீர்த்திருக்கலாம். தரப்படுத்தலோ தாளைத் தொடாது புள்ளியை மட்டுந் தொட்டது. இரு கூட்டத்தாரும் ஆற்றலில் ஒத்தவர் என முன்கூட்டியே கொண்டு, சராசரியையும் பரம்பலையும் ஒன்றாக்கியது. எதனை நிறுவவேண்டுமோ அதனையே எடுகோளாக வைத்தது.

2001 தொடக்கம் வழங்கும் இசட் புள்ளி முறை அதனினும் நுண்ணியதே. எனினும் 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒரே கூட்டமாகக் கணித்தமை உயர் நீதிமன்றம் வரை சென்றது. இரு கூட்டத்தையும் வெவ்வேறாகக் கணிக்குமாறு 2012 இல் தீர்ப்பாயிற்று. எவரை எவரோடு ஒப்பிடுவது என்பதைக் கணிதம் தானாகச் சொல்லாது.

இந்நாளில் இயந்திரமுங் கட்டுரை திருத்துகின்றது. 1966 இல் அமெரிக்காவில் எலிஸ் பேஜ் அதற்கு வழிகாட்டினார். கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், நிறுத்தக்குறிகளின் தொகை முதலியவற்றைக் கணினி எண்ணியது. அதன் புள்ளி மனிதப் பரீட்சகர் புள்ளியோடு பெரிதும் ஒத்தது. இரு மனிதர் தம்முள் ஒக்கும் அளவுக்கு இயந்திரமும் ஒக்குமாயின் வேறென்ன வேண்டும் என்று கேட்கப்பட்டது. ஒற்றுமையையே உண்மையாகக் கொண்டோர்க்கு இதற்கு மறுமொழி கூறல் எளிதன்று. சிலப்பதிகாரக் கதையை நீட்டி எழுதிய அவ்வாசிரியர் ஒருவேளை அப்பழைய கணினியிடம் நல்ல புள்ளி பெற்றிருப்பார்.

காரணம் எழுதுக என்று பரீட்சகரைக் கேட்பது எளிது. செய்வது அரிது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான தாள்களை முடித்தல் அவர் கடன், ஊதியமோ சொற்பம். மேலும், முதற் பரீட்சகர் குறிப்பைக் கண்டால் இரண்டாமவர் மனம் அதன்வழிச் சாயும் என்னும் அச்சமும் நியாயமானதே. குறிப்பைத் தனித்தாளில் எழுதி, இருவரும் புள்ளியிட்டு முடித்தபின் வெளிப்படுத்தினால் அவ்வச்சம் நீங்கும். கட்டுரைக்கு மூன்று வரி போதும். 70 இட்டவரும் 50 இட்டவரும் தத்தம் மூன்று வரியையும் எதிரெதிரே வைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வருவாராயின், அம்முடிவு 60 ஆயினும் அது வெறுஞ் சராசரியன்று. பேசியும் உடன்படாராயின் அதனையும் மாணாக்கன் அறிதல் தகும். உருத்திரசன்மன் ஊமையாயினும், எச்சொல்லுக்குக் கண்ணீர் வந்தது, எச்சொல்லுக்கு வரவில்லை என்பதை உரையாசிரியர் நேரே கண்டனர். இளநாகனார் தம் உரை எவ்விடத்து நலிந்தது என்பதை அறிந்தே அவையை விட்டு நீங்கியிருப்பார்.

விடைத்தாளை மீள நோக்குமாறு விண்ணப்பிக்கும் வழி இன்று பல பரீட்சைகளில் உண்டு. கட்டணஞ் செலுத்தி விண்ணப்பித்தவருக்குச் சில மாதங்களின் பின் வருங் கடிதத்திற் பெரும்பாலும் இரண்டு சொற்களே காணப்படும்: மாற்றம் இல்லை. கூட்டலிற் பிழை இல்லை என்பதா, கட்டுரையை மறுபடி படித்தும் கருத்து மாறவில்லை என்பதா, அதிலிருந்து அறிதற்கில்லை. மேற்கூறிய ஆசிரியரும் அவ்வாறு ஒரு கடிதம் பெற்றாரெனக் கொள்க. அதனை மடித்துப் புத்தகத்துள் வைத்துவிட்டு, மூன்றாம் முறைக்கும் பரீட்சைக் கட்டணத்தைச் செலுத்தி, இம்முறை ஒரு நிகழ்ச்சியும் விடுபடலாகாது என்று மங்கல வாழ்த்துப் பாடலிலிருந்து கதையை மறுபடியும் படிக்கத் தொடங்குவார்.